முனிலட்சுமியின் இடது கணுக்கால்

கம்பெனி வாசலில் ஒரு பச்சைப் பலகை உண்டு. "விபத்தில்லாத நாட்கள்" என்று மூன்று பாஷையில் எழுதி, கீழே எண் மாட்ட நான்கு ஆணி அடித்திருப்பார்கள். காலை ஷிப்ட்டுக்கு முன்னால் செக்யூரிட்டி பழைய எண்ணைக் கழற்றிவிட்டுப் புதிய எண்ணை மாட்டுவார். சாமி படத்துக்குப் பூ மாற்றுகிறவரிடம்கூட அந்தப் பயபக்தியைப் பார்க்க முடியாது. அன்றைக்கு எண் 948. அதே வாசல் வழியாக, இடது காலைத் தாங்கித் தாங்கி உள்ளே போன முனிலட்சுமியின் கணுக்கால், அந்த 948 நாட்களில் மட்டும் பதினாறு முறை பிசகியிருந்தது. ஒன்பது வருஷத்து மொத்தம் முப்பத்தொன்று. பலகைக்கும் கணுக்காலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

முனிலட்சுமிக்கு வயது முப்பத்தெட்டு. காவேரிப்பட்டினம் பக்கம் மாந்தோப்புகளுக்குக் கூலிக்குப் போன குடும்பம். கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, மூக்கண்டப்பள்ளியில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறாள். கணவன் திம்மராயன் ஜூஜுவாடி குடோன் ஒன்றில் லோடு ஏற்றுகிறவன். இந்தக் கம்பெனியில் அவள் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒரே தடவையாகச் சேரவில்லை, பத்துத் தடவை சேர்ந்தாள். காண்ட்ராக்ட் அட்டைக்கு ஆயுசு பதினோரு மாதம். அது முடிந்ததும் நாலு நாள் வீட்டில் உட்காரவைத்து, புதுப் போட்டோ ஒட்டி, புது ஆளாக எடுத்துக்கொள்வார்கள். அப்படியாக அவள் ஒன்பது வருஷ அனுபவமுள்ள புது ஆள். பயிற்சி கொடுக்க வருகிற இன்ஜினியர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி செய்வது பால் ஜாயிண்ட். கார் சக்கரம் திரும்புகிற இடத்தில் இருக்கும் மூட்டு அது. கிண்ணத்துக்குள் ஒரு குண்டு. எல்லாப் பக்கமும் திரும்ப வேண்டும், ஆனால் கொஞ்சமும் ஆடக் கூடாது. ஒவ்வொன்றையும் பிடித்துத் திருகிப் பார்த்து, ஆட்டம் இருந்தால் ஒதுக்குவது முனிலட்சுமியின் வேலை. மெஷின் நல்லது என்று பச்சை விளக்கு போட்டதைக்கூட அவள் விரல் ஒப்புக்கொள்ளாது. பிறகு அளந்து பார்த்தால் மெஷின்தான் தோற்றிருக்கும்.

ஒதுக்கிய சாமானில் ஒரு சிவப்பு அட்டை கட்டி, காரணம் எழுதி, சிவப்புத் தொட்டியில் போட வேண்டும். உண்டியல் மாதிரி மேலே வாய், கீழே பூட்டு. சாவி குவாலிட்டி ஜெயப்ரியாவிடம். உள்ளே விழுந்ததை முதலாளியே வந்தாலும் எடுக்க முடியாது. மறுநாள் காலை ஜெயப்ரியா திறந்து, விழுந்தது எதுவானாலும் பதிவு செய்து, கார் கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் அனுப்பிவிடுவாள். ஒருமுறை சூப்பர்வைசர் சுரேந்தரின் மூக்குக்கண்ணாடிக் கூடு தவறி உள்ளே விழுந்தது. அதையும் "வரைபடத்துக்குப் பொருந்தவில்லை" என்று எழுதி அனுப்பினாள். இது மறுபடி நேராமல் தடுக்க என்ன செய்தீர்கள் என்று கார் கம்பெனியிலிருந்து கேட்டு, அதற்கு இரண்டு பக்கம் பதில் போனது. சுரேந்தர் இப்போது கூடு வைத்துக்கொள்வதில்லை.

இரும்பு மூட்டுக்கு இத்தனை மரியாதை. அதைத் திருகிப் பார்க்கிறவளின் மூட்டுக்கு வருவோம்.

முதல் பிசகலுக்குக் காரணம் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ. அவள் கால் நாலாம் நம்பர். ஸ்டோரில் ஏழுக்குக் கீழே இல்லை. பாதுகாப்புக் காலணிகளை வாங்கியவர்கள் பெண்களுக்கும் கால் உண்டு என்பதை அப்போது கேள்விப்பட்டிருக்கவில்லை. "உள்ள துணி வெச்சிக்கம்மா, சரியாப் பூடும்" என்றார் ஸ்டோர்காரர். பழைய சேலையைக் கிழித்து முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று திணித்துக்கொண்டாள். சேர்ந்த மூன்றாவது வாரம், ட்ரேயைத் தூக்கிக்கொண்டு திரும்பும்போது ஷூ நின்ற இடத்திலேயே நின்றது, கால் மட்டும் உள்ளே திரும்பியது. டக்கென்று ஒரு சத்தம். கணுக்கால் எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கியது.

அன்றைக்குத்தான் கம்பெனியின் முதலுதவி முறை அவளுக்குத் தெரியவந்தது. நாலு பேர் ஓடிவந்தார்கள். தண்ணீர் கொடுப்பார்கள் என்று நினைத்தாள். கொடுக்கவில்லை. அப்படியே தூக்கிக்கொண்டு போய், மெயின் கேட்டைத் தாண்டி, எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அதன் பிறகுதான் தண்ணீர் வந்தது. சேஃப்டி ஆபீசர் ஹரீஷ்குமார் ஒரு பேப்பரோடு வந்து, "வர்ற வழியில விழுந்துட்டீங்க, சரிங்களா?" என்று அன்பாகக் கேட்டார். எல்லை ஊரில் இது புரியாதவர்கள் கிடையாது. ஜூஜுவாடியைத் தாண்டினால் வேறு மாநிலம், வேறு சட்டம். கேட்டைத் தாண்டினால் விபத்து வேறு ஆள் கணக்கு.

பலகை ஒரே ஒரு முறைதான் பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது. பிரஸ் மெஷினில் ஒருவருக்கு விரல் போனபோது. ஆளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள், விரல் உள்ளேயே இருந்துவிட்டது. அதிலிருந்து எண்ணியதுதான் இந்த 948.

திம்மராயன் அவளை எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போனான். எண்ணெய், மூங்கில் பத்தை, மூன்று வாரக் கட்டு. வீக்கம் வடிந்தது. ஆனால் கால் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது. பஸ் படியில் பிசகியது, கல்யாண மண்டபத்தில் பிசகியது, ஒன்றுமே இல்லாத சமதரையில் பிசகியது. ஒவ்வொரு முறையும் உலகம் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: பாத்து நடக்கக் கூடாதா? அவளைப் போலத் தரையைப் பார்த்து நடக்கிற பெண்பிள்ளை ஓசூரிலேயே கிடையாது. குனிந்த தலை நிமிராத நல்ல மருமகள் என்று மாமியார் வீட்டில் பேர் வாங்கியது அந்தக் கணுக்காலால்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கம்பெனியில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பன்னிரண்டு காண்ட்ராக்ட் பெண்களைப் பர்மனெண்ட் ஆக்கப்போகிறார்கள். இரண்டு நிபந்தனை. விபத்துப் பதிவு இருக்கக் கூடாது. மெடிக்கலில் தேற வேண்டும். தற்காலிகப் பட்டியலில் முதல் பெயர் முனிலட்சுமி, ஒன்பது வருஷத்தில் ஒரு விபத்துகூட இல்லாதவள் என்பதால். படித்துவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, டாக்டர் எதிரில் கால் திரும்பிவிட்டால் போதும். பதினோராவது தடவை புது ஆளாகச் சேரலாம், அதுவும் எடுத்துக்கொண்டால்.

முப்பத்தொன்றாவது பிசகல் நல்ல இடம் பார்த்து நடந்தது. மாமியாருக்கு மூட்டு வலி என்று மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன பிசியோதெரபி கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். வாசற்படியில் மாமியார் பத்திரமாக ஏறினார். முனிலட்சுமி விழுந்தாள். கிளினிக்கை நடத்துகிற மேகலா மாமியாரை உட்காரச் சொல்லிவிட்டு மருமகளின் காலைப் பிடித்தாள். குதிகாலை ஒரு கையில் ஏந்தி, இன்னொரு கையால் அசைத்துப் பார்த்தாள். முனிலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவள் தினமும் ஆயிரம் பால் ஜாயிண்டுக்குச் செய்வதை ஒருத்தி அவள் காலுக்குச் செய்துகொண்டிருந்தாள்.

"ஆட்டம் இருக்குதுங்களா?" என்று அவளே கேட்டாள்.

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். "நிறைய இருக்குதுக்கா. முதல் தடவை ஜவ்வு கிழிஞ்சிருக்குது. கட்டுப் போட்டு ஆறுச்சே தவிர, தளர்ந்து ஆறியிருக்குது. ஆனா ஜவ்வு மட்டும் காரணம் இல்ல. இங்க பாருங்க." கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தைத் தொட்டாள். "கால் உள்பக்கம் திரும்பறப்ப இந்தத் தசை டக்குனு இழுத்துப் புடிக்கணும். உங்களுக்கு அது லேட்டா முழிக்குது. அது முழிக்கறதுக்குள்ள நீங்க கீழ இருக்கீங்க. கால் எந்தப் பக்கம் சாயுதுன்னு மூளைக்கே சேதி சரியாப் போறதில்ல."

"அப்ப நான் பாத்து நடக்காதது இல்லீங்களா?"

"கண்ணால பாத்து என்னக்கா ஆவும்? கால் பாக்கணும்."

ஒன்பது வருஷத்தில் முதன்முறையாக ஒருத்தி, தப்பு உன்னுடையது இல்லை என்று சொன்னாள். முனிலட்சுமிக்கு அழுகை முட்டியது. மாமியார் எதிரில் அழுவது சரிப்படாது என்று அடக்கிக்கொண்டாள்.

மருந்து எளிது. இடது காலில் மட்டும் நிற்க வேண்டும். முதலில் அரை நிமிஷம், பிறகு ஒரு நிமிஷம், பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பிறகு மடித்த போர்வையின் மேல். பாதத்தில் ரப்பர் பட்டையை மாட்டி வெளிப்பக்கம் இழுக்க வேண்டும். ஒரு நாளும் விடாமல் இரண்டு மாதம். கிளம்பும்போது மேகலா, அளவான ஷூ கொடுக்கச் சொல்லிக் கம்பெனிக்கு ஒரு லெட்டர் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்று முனிலட்சுமி கையெடுத்துக் கும்பிட்டாள். லெட்டர் போனால் கால் தெரியும். கால் தெரிந்தால் பர்மனெண்ட் போகும்.

வீட்டில் நிற்க எங்கே நேரம்? கம்பெனி லைனில் அடுத்த ஜாயிண்ட் வந்து சேர்வதற்குள் கிடைக்கும் அரை நிமிஷத்தில், மேஜைக்குப் பின்னால் வலது காலைத் தூக்கிக்கொண்டு நிற்க ஆரம்பித்தாள். உதடு அசையும், எண்ணிக்கொண்டிருப்பாள். சில நேரம் கண்ணை மூடியிருப்பாள். பக்கத்து மேஜை கெம்பம்மா, கர்நாடகத்து ஆனேக்கல்லிலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள், இதை நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாள் கிட்டே வந்து குரலை இறக்கினாள்.

"ஏக்கா, யாவ சாமிக்கு வேண்டுதல்?"

உண்மையைச் சொன்னால் காலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனிலட்சுமி சிரித்துவைத்தாள். அது போதாதா? உணவு இடைவேளைக்குள் செய்தி லைன் முழுக்கப் பரவியது. பர்மனெண்டுக்காக முனிலட்சுமி ஒற்றைக்கால் தவம் இருக்கிறாள். பட்டியலில் முதல் பெயர் சும்மா வருமா? மறுநாள் கெம்பம்மா நின்றாள். அதற்கு மறுநாள் நாலு பேர். வாரக் கடைசியில் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேரும், இல்லாத ஏழெட்டுப் பேரும், ஜாயிண்டுக்கும் ஜாயிண்டுக்கும் நடுவில் கொக்கு மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். எந்தக் கால் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது. இடது கால்தான் விசேஷம் என்று கெம்பம்மா தீர்த்துவைத்தாள். சுரேந்தர் அதட்ட நினைத்தவர், உற்பத்தி குறையவில்லை என்பதைப் பார்த்துவிட்டு, தனக்கும் பதவி உயர்வு நிலுவையில் இருப்பதை நினைத்து, தம் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருமுறை நின்று பார்த்ததாகக் கேள்வி.

அதற்குள் முனிலட்சுமியின் காலில் ஏதோ நடந்துகொண்டிருந்தது. பஸ் படியில் ஒருநாள் பாதம் உள்ளே சாயத் தொடங்கியது, தானாக நின்றது. யாரோ பின்னாலிருந்து பிடித்தது போல. திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. பிடித்தது அவள் தசைதான். அன்று மாலை வரை அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பலகையில் ஆயிரம் வந்தது. கம்பெனி முற்றத்தில் விழா. சரக்கு ஏற்றுகிற மரப் பலகைத் தட்டுகளை அடுக்கி, மேலே பச்சைக் கம்பளம் விரித்து மேடை போட்டிருந்தார்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. கம்பளம் அதை அழகாக மூடியிருந்தது. மேடை ஏற்பாடு சேஃப்டி டிபார்ட்மெண்ட். எல்லோருக்கும் ஒரு ஹாட்பாக்ஸ் பரிசு. அதற்கு மேல், ஒன்பது வருஷம் ஒரு கீறல்கூட இல்லாமல் வேலை செய்த பாதுகாப்பு நட்சத்திரம் என்று முனிலட்சுமிக்கு ஒரு கேடயம்.

ஏழாம் நம்பர் ஷூவில் மேடை ஏறினாள். மூன்றாவது எட்டில் இடது கால் அந்த இடைவெளியில் இறங்கியது. பாதம் உள்ளே மடங்கியது. ஹரீஷ்குமாரின் முகம் வெளுத்தது. அவருக்குத் தெரியும் அந்தக் காலை, முப்பத்தொரு முறையில் பாதி முறை அவரே பெஞ்சுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஆனால் தசை முழித்துக்கொண்டது. வெடுக்கென்று இழுத்துப் பிடித்தது. முனிலட்சுமி ஒரு அசைவு அசைந்து, நேராக நின்றாள். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கோ ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கேடயம் கிடக்கட்டும், அவள் கால் அவளிடம் திரும்பி வந்துவிட்டது.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதமே ஆன ஜெனரல் மேனேஜர், கேடயத்தோடு சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். அதே இடைவெளி. அவர் ஒற்றைக்காலில் நின்று பழகாதவர். டக்கென்று ஒரு சத்தம், முனிலட்சுமிக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கேடயம் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

பிறகு பழக்கம் வேலை செய்தது. நாலு பேர் பாய்ந்து வந்து அவரை அலாக்காகத் தூக்கினார்கள். முதலுதவி அறை வலது பக்கம். அவர்கள் இடது பக்கம் ஓடினார்கள்.

"எங்கய்யா தூக்கிட்டுப் போறீங்க? ரூம் அந்தப் பக்கம்! இறக்குங்கய்யா!" என்று அவர் கத்தினார். காதில் வாங்குகிற நிலையில் யாரும் இல்லை. செக்யூரிட்டி கேட்டை அகலத் திறந்து சல்யூட் அடித்தார். ஜெனரல் மேனேஜர் டீக்கடை பெஞ்சில் உட்காரவைக்கப்பட்டார். அப்புறம் தண்ணீர் வந்தது.

ஹரீஷ்குமார் அவர் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். பின்னாலேயே ஓடிவந்த முனிலட்சுமி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முதலில் கோபம். பிறகு குழப்பம். பிறகு அவர் தலையைத் திருப்பி, கேட்டுக்கு உள்ளே தெரிந்த பச்சைப் பலகையைப் பார்த்தார். படித்தவருக்குப் பாடம் ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

"சரி," என்றார். "நான் இங்கதான் விழுந்தேன்."

முனிலட்சுமி மண்டியிட்டு அவர் ஷூவைக் கழற்றினாள். அளவான ஷூ. விரலால் கணுக்காலைத் தொட்டுப் பார்த்தாள். "எண்ணெய் போட்டு நீவ வேணாங்க சார். ஐஸ் வெச்சிக் காலைத் தூக்கி வையுங்க. வலி கொறஞ்சதும் சும்மா இருக்காதீங்க, பிசியோகிட்டப் போயி நிக்கப் பழகுங்க. இல்லன்னா இது திரும்பத் திரும்ப வரும்."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

ஹரீஷ்குமார் இருமினார். மெடிக்கல் அடுத்த வாரம்.

"எங்க வீட்டுக்காரருக்கு வந்திருக்குதுங்க சார்," என்றாள் முனிலட்சுமி.

சொல்லி முடித்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது. கால் அவளுடையது, வலி அவளுடையது, குணமாக்கியதும் அவள். அதை ஒரு நொடியில் திம்மராயனுக்குக் கொடுத்துவிட்டாள். அவன் கால் நன்றாகத்தான் இருக்கிறது. அன்று வீட்டுக்குப் போய், ஹாட்பாக்ஸைத் திறந்துகூடப் பார்க்காமல் மூலையில் வைத்தாள்.

மறுநாள் காலை ஹரீஷ்குமார் அவள் மேஜைக்கே வந்தார். கையில் பேப்பர். "சார் டீக்கடைப் பக்கம் விழுந்தப்ப நீங்கதான் பக்கத்துல இருந்தீங்க. சாட்சிக்கு ஒரு கையெழுத்து. அவ்ளோதான்." பிறகு மெதுவாக, "மெடிக்கல்ல ஒண்ணும் கஷ்டம் இருக்காது, நான் பாத்துக்கறன்."

"வெச்சிட்டுப் போங்க சார், படிச்சிட்டுப் போடறன்."

படித்தாள். தேதி சரி, நேரம் சரி, இடம்: கேட்டுக்கு வெளியே. ஒன்பது வருஷத்தில் அவள் கை ஒரு ஆடுகிற மூட்டை நல்லது என்று விட்டதில்லை. காலைப் பற்றி எத்தனையோ பொய்க்குத் தலையாட்டியிருக்கிறாள். கையால் பொய் சொன்னதில்லை. பேனாவை எடுத்தாள், கீழே வைத்தாள். பர்மனெண்ட் அட்டையில் தன் போட்டோ எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. பேனாவை மறுபடி எடுத்து, பேப்பருக்குப் பதில் ஒரு சிவப்பு அட்டையில் எழுதினாள்.

பொருள்: விபத்து அறிக்கை. குறை: ஆட்டம் உள்ளது. உண்மையான இடம்: மேடை, கேட்டுக்கு உள்ளே. இதே குறை இதற்கு முன் வந்ததுண்டா: உண்டு. இடது கணுக்கால், கேட்டுக்குள் மட்டும் பத்தொன்பது முறை. பரிசோதித்தவர்: முனிலட்சுமி.

பேப்பரைச் சுருட்டி, அட்டையைக் கட்டி, சிவப்புத் தொட்டியின் வாயில் போட்டாள். அடியில் போய் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த ஜாயிண்டை எடுத்துத் திருகினாள்.

பகல் முழுக்க ஹரீஷ்குமார் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜெயப்ரியாவிடம் சாவி கேட்டார், கெஞ்சினார், மிரட்டினார். மூக்குக்கண்ணாடிக் கூட்டையே விடாதவளிடம் இது நடக்குமா? மறுநாள் காலை ஜெயப்ரியா திறந்தாள், படித்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொருமுறை படித்தாள். பிறகு வரிசை எண் கொடுத்துப் பதிவு செய்து அனுப்பிவிட்டாள். கார் கம்பெனியிலிருந்து மதியமே பதில் வந்தது. ஏன் என்று ஐந்து முறை கேட்டு விளக்கவும். வழக்கமான கேள்விதான். ஹரீஷ்குமார் உட்கார்ந்து எழுதினார். முனிலட்சுமியின் கால் ஏன் பிசகியது? ஷூ பெரிது. ஏன் பெரிது? சின்னது வாங்கவில்லை. ஏன் வாங்கவில்லை? யாரும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டார்கள். ஐந்தாவது ஏனுக்கு எதிரே ஒரு கோடு இழுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் பலகையில் மூன்று ஆணி காலியாக இருந்தது. நாலாவதில் பூஜ்யம். ஹாட்பாக்ஸைத் திருப்பிக் கேட்பார்கள் என்று ஒரு வதந்தி கிளம்ப, லைனில் எல்லோரும் அன்றைக்கே அதில் களியைப் போட்டுப் பழையதாக்கிவிட்டார்கள். சிலர் முனிலட்சுமியிடம் பேசவில்லை. "ஆயிரம் நாள் பேரைக் கெடுத்துட்டா" என்றாள் ஒருத்தி. அவளுக்கு இரண்டு வருஷமாகத் தோள்பட்டையைத் தூக்க முடியாது.

மெடிக்கல் நாளன்று பன்னிரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். கம்பெனி அழைத்திருந்த டாக்டரிடம் அச்சடித்த ஃபாரம் இருந்தது. "உடல் பிரச்சனை" என்ற கேள்விக்கு எதிரே "இல்லை" என்று பதிலும் சேர்த்தே அச்சாகியிருந்தது. நேரம் மிச்சம் பாருங்கள். பட்டியலில் முதல் பெயர் முனிலட்சுமி. டாக்டர் நிமிராமலே, "பிரச்சனை ஒண்ணும் இல்லையே?" என்று டிக் போடப்போனார்.

"இருக்குதுங்க," என்றாள் முனிலட்சுமி.

பேனா நின்றது. ஷூவைக் கழற்றினாள். உள்ளேயிருந்து சேலைத் துணி இரண்டு சுருளாக வந்து விழுந்தது. முதல் பிசகலிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். டாக்டர் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. "அந்தக் கால்ல நிக்க முடியுமா?" என்றார். அவள் இடது காலை ஊன்றி, வலது காலைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டாள்.

பின்னால் வரிசையில் அரவம். பர்மனெண்டுக்கான வேண்டுதல் இது என்று நம்பி ஐம்பது நாள் ஒற்றைக்காலில் நின்றவர்கள் அவர்கள். நின்றது எதற்கு என்று இப்போதுதான் தெரிந்தது.

"நமக்கும் உண்டு சார்," என்றது கெம்பம்மாவின் குரல். "முழங்காலு. படி இறங்கக்க ஆகல்ல."

"எனக்கு இந்த விரல் மடங்காதுங்க டாக்டர்."

"எனக்குத் தோள்பட்டை சார்."

டாக்டர் அச்சடித்த "இல்லை"யைப் பேனாவால் அடித்தார். அடுத்த ஃபாரத்திலும் அடித்தார். பன்னிரண்டையும் அடிக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு பேரையும் தகுதியில்லை என்று தள்ளினால் மறுநாள் ஜாயிண்டைத் திருகிப் பார்க்க ஆள் கிடையாது என்பதும், பன்னிரண்டு பேரும் தகுதியானவர்கள் என்பதும் கம்பெனிக்கு ஒரே நாளில் விளங்கியது. மாதக் கடைசியில் அட்டை வந்தது. போட்டோவில் முனிலட்சுமி கொஞ்சம் முறைத்தாற்போல் இருந்தாள். ஸ்டோரிலிருந்து புது ஷூவும் வந்தது, ஐந்தாம் நம்பர். நாலு ஸ்டாக் இல்லை. பரவாயில்லை, இப்போது ஒரு துணி போதும்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. டாக்டர் எழுதுகிற மும்முரத்தில் அவளைக் காலை இறக்கச் சொல்ல மறந்துவிட்டார். பின்னால் ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கண்ணை மூடியபடி முனிலட்சுமி கேட்டுக்கொண்டு நின்றாள். இடது கணுக்கால் இப்படியும் அப்படியும் சின்னச் சின்னதாய் அசைந்தது. ஒவ்வொரு முறையும் தசை இழுத்துப் பிடித்தது. ஏழாவது ஆள் பேசி முடிக்கும்வரை அவள் காலை இறக்கவில்லை.